சிஸ்டத்தில் இல்லை

(புதுச்சத்திரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது லாரியோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். சொந்தமாக வைத்திருப்பீர்கள், ஓட்டியிருப்பீர்கள், பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்திருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் மச்சானோ மாப்பிள்ளையோ லாரியில் இருப்பார். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

லாரிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, உண்டு. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். அந்த நாள் வருகிறது என்றால் முதலாளி ஆறு மாதத்துக்கு முன்பே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். டயருக்கு இவ்வளவு, பிரேக் வேலைக்கு இவ்வளவு, பெயிண்டுக்கு இவ்வளவு. வண்டி வாங்கும்போது கொடுத்த பணத்தோடு செலவு முடிந்துவிட்டதாக நாமக்கல்லில் எந்த லாரிக்காரரும் நினைத்ததில்லை.

உங்கள் வீட்டு வரிக் கணக்கையும் குழந்தையின் பிறப்புப் பதிவையும் குடிநீர் இணைப்பையும் வைத்திருக்கிற கணினிக்கு யாராவது எஃப்.சி. பார்க்கிறார்களா? நான் நகராட்சி அலுவலகங்களில், பெரும்பாலும் வருவாய்ப் பிரிவில், முப்பது வருடம் வேலை பார்த்தவன். வாங்குவதற்குத் திட்டம் வரும், நிதி வரும், படம் எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து மூன்று வருடமான கணினியை என்ன செய்வது என்று கேட்டு ஒரு கடிதம் மேலே போனால் அதற்குப் பதில் வருவது அபூர்வம். மேசை மேல் இருப்பது பழசாகிக்கொண்டே போகும். ஒரு நாள் யாரோ முடிவெடுத்து, ஒரு சனி ஞாயிறில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் கவுன்டருக்கு வருகிற ஆள்தான் அந்த மாற்றத்தின் விலையைக் கொடுப்பார்.

அப்படி வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். வீட்டு வரி மென்பொருளைப் புதிதாக மாற்றிய நேரம். அவர் பெயரில் பதினோரு அரையாண்டு நிலுவை காட்டியது. ஜப்தி நோட்டீஸ் கையில் கிடைத்ததும் ஓடி வந்திருக்கிறார். "நான் ஒரு தவணை விட்டதில்லையே சாமி" என்றார். திரையைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "சிஸ்டத்தில் இல்லீங்கம்மா." மறுமுறை வந்தார், அதையே சொன்னேன். நான்காம் முறை ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனை ரசீதும் இருந்தன. ஓரம் செல்லரித்தவை, மடிப்பில் கிழிந்தவை, ஒன்றுகூட விடுபடவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. என்னிடம் ஒரு திரை மட்டும்தான் இருந்தது, அவரிடம் ஆதாரம் இருந்தது. ஆனால் மூன்று முறை திரும்பிப் போனவர் அவர்.

என்ன நடந்தது என்று தேடினேன். பதிவறையில் நாற்காலிக் கால்களுக்குப் பின்னால் கிடந்த பழைய கணினியை எடுத்துத் துடைத்து ஓட வைத்தோம். அதன் கடவுச்சொல் தெரிந்தவர் பணி ஓய்வு பெற்றுப் போயிருந்தார், வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தோம். அந்த அம்மாவின் கதவு எண் 14அ. பழைய மென்பொருள் எண்ணையும் எழுத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. புதியது கதவு எண் கட்டத்தில் எண்ணை மட்டுமே ஏற்றது. 'அ' உதிர்ந்துபோய், அவர் கட்டியதெல்லாம் பக்கத்து வீட்டு 14-இன் கணக்கில் போய் விழுந்திருந்தது. அந்த வீட்டுக்காரருக்குப் பல ஆயிரம் முன்பணம் இருப்பதாகக் கணக்கு காட்டியது. நகரம் முழுக்க இப்படி எத்தனை 'அ', எத்தனை 'ஆ' என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அலுவலகத்தின் கருவி பழசானால், அல்லது அவசரமாக மாற்றப்பட்டால், தன் கணக்கை நிரூபிக்கிற சுமை குடிமகன் தலையில் ஏறிவிடுகிறது. அதை இறக்கி அலுவலகத்தின் தலையில் வைக்க வேண்டும்.

இது கணினியோடு வந்த நோய் இல்லை. காகிதக் காலத்தில் அலுவலகத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கோப்பு முடிந்ததும் அதன் தலையில் ஆயுளை எழுதுவோம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தர முடிவு. எதை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது பதிவறை எழுத்தருக்குக் கோப்பைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைக்காரன் காலத்து முறைதான், ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது. கணினிக்கு வந்தபோது இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. நிரந்தரமாக வைக்க வேண்டிய கணக்கை ஃபிளாப்பியில் போட்டு பீரோவில் வைத்தோம். 1.44 எம்.பி. கொள்ளும் அந்தத் தட்டின் மேல் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. சில வருடத்தில் அதைப் படிக்கிற டிரைவே கடையில் கிடைக்காமல் போனது. தாளின் ஆயுள் நூறு வருடம் என்று தெரிந்தவர்கள், ஃபிளாப்பியின் ஆயுள் என்ன என்று கேட்கவே இல்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. யூ.டி.ஆர். என்று சொன்னால் இங்கே விளக்கம் தேவையில்லை. உங்களில் பலர் அதற்காக மனு எழுதியிருப்பீர்கள். 1979 முதல் 1987 வரை அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். தாத்தா பெயரில் கிடந்த பட்டாவைப் பேரன்கள் பெயருக்குக் கொண்டுவருவது, உட்பிரிவு செய்வது, ஏக்கர் சென்டை ஹெக்டேர் ஏருக்கு மாற்றுவது எல்லாம் நடந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம்கூட இல்லை, சேலம் மாவட்டம்தான். நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. பழைய பதிவேடுகள் நிலத்தில் உழுகிற ஆளுக்கும் ஏட்டில் இருக்கிற பெயருக்கும் சம்பந்தமில்லாமல் கிடந்தன. ஆனால் அத்தனை கோடி வரிகளை ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்குக் கையால் மாற்றும்போது பெயர் விடுபட்டது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் சில இடங்களில் புறம்போக்கு ஆனது.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பின்னால் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கக் கூடாது. ஆனால் எந்த வரப்பு எப்போது நகர்ந்தது, எந்தப் பெயருக்கு எந்த வீட்டு ஆள் என்று ஏட்டில் இல்லாத விவரத்தை மனதில் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு வெளியே போனார்கள். அந்த விவரத்தை உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள அவகாசம் வைத்திருந்தால் எவ்வளவோ தகராறு மிச்சமாகியிருக்கும்.

பிறகு கணினி வந்தது. யூ.டி.ஆர். ஏட்டில் இருந்தது அப்படியே கணினிக்கு ஏறியது, பிழையும் கூடவே ஏறியது. தாளில் இருந்தபோது சந்தேகப்படக்கூடியதாக இருந்த பிழை, கணினியில் அச்சாகி வந்ததும் உண்மை போலத் தோற்றம் பெற்றுவிட்டது. இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் யூ.டி.ஆர். பிழை திருத்த மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. திட்டம் முடிந்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. மனுவோடு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பட்டா என்று அலைகிறவர் யார்? பிழை செய்த அலுவலகமா? நிலத்துக்காரர்தான். நகரத்து அலுவலகங்களில் இன்று நடக்கிற கணினி மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன யூ.டி.ஆர். என்று எண்ணிக்கொண்டால் அதைச் செய்யும் கைக்குத் தானாக ஒரு நிதானம் வரும்.

நிலமும் நகரமும் சேரும் இடத்தில் இது இன்னும் சிக்கலாகும். 2024-இல் நாமக்கல் மாநகராட்சி ஆனது. ஒரு கிராமம் நகர எல்லைக்குள் வந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு, சர்வே எண் போய் நகர அளவை எண், வார்டு, பிளாக் என்று வரும். பத்திரத்தில் ஓர் எண், வரி ரசீதில் ஓர் எண், நகர நிலப் பதிவேட்டில் வேறோர் எண் என்று ஆகும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் பத்திரமாக இருக்கிற வரைக்கும் கவலையில்லை. அந்தப் பட்டியல் எந்தக் கணினியில், எந்த வடிவத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து எழுத்துரு. இதை வெளியில் அதிகம் யாரும் பேசுவதில்லை, எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வலி தெரியும். யூனிகோடுக்கு முன்னால் அலுவலகங்களில் தமிழ் அடித்ததெல்லாம் வானவில் போன்ற எழுத்துருக்களில். அவை வேலை செய்த விதம் இதுதான்: கணினி தன் மனதில் வைத்திருப்பது ஓர் ஆங்கில எழுத்தை, அதன் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அழகான தமிழ். அது இல்லாத கணினிக்குக் கோப்பை எடுத்துப் போனால் போர்வை நழுவி, பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அகர வரிசையில் அடுக்க முடியாது.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதையொட்டி அந்த ஆண்டே தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்துத் தரங்களையும் அரசு ஏற்றது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில் யூனிகோடைத் தரமாகவும், டேஸ்16 என்பதைத் துணைத் தரமாகவும் அறிவித்தது. ஆணை சென்னையில் பிறந்தது சரி, அது நகராட்சித் தட்டச்சர் மேசைக்கு வர எத்தனை காலம் பிடித்தது! அவரைப் பிடிவாதக்காரர் என்று குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர் லோயர், ஹையர் தேர்வு எழுதி வேலைக்கு வந்தது தட்டச்சு இயந்திரத்தில். விரல்களுக்கு இருபது வருடப் பழக்கம். இந்தியாவில் கடைசி வரை தட்டச்சு இயந்திரம் செய்த கோத்ரேஜ் நிறுவனம் 2009-இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் இங்கே பல ஆண்டுகள் தேர்வு அந்த இயந்திரத்தில்தான் நடந்தது. தேர்வை ஒரு கருவியில் வைத்துவிட்டு வேலையை இன்னொன்றில் கேட்டால் ஆள் எங்கே போவார்? பழைய விசை அமைப்பை அப்படியே யூனிகோடில் அடிக்கக் கற்றுக் கொடுத்த அலுவலகங்களில் மாற்றம் ஒரே மாதத்தில் நடந்தது. நானே பார்த்திருக்கிறேன். புதிய விசைப்பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்த இடங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லாரும் வானவில்லுக்குத் திரும்பினார்கள்.

மாற்றாமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். ஓடுகிற வரை ஓடட்டுமே என்பது நம் ஊரில் செல்லுபடியாகும் வாதம். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அப்போது தமிழக அரசு துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அது அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம், உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எனக்கு அந்த முடிவில் மகிழ்ச்சி. ஆனால் பல மேசைகளில் இருந்த பழைய மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும், பிரின்டரும் அதற்கே பழகியது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் அதே கதி வந்துவிட்டது. திருத்தம் நின்ற கணினி என்பது பிரேக் லைனிங் தேய்ந்த வண்டி மாதிரி. சமதரையில் ஓடும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில்தான் தெரியும்.

அந்த இறக்கம் எப்படி இருக்கும் என்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2019 மே மாதத்தில் பார்த்தது. யாரோ உள்ளே புகுந்து நகராட்சியின் கோப்புகளைப் பூட்டிவிட்டு 13 பிட்காயின் கேட்டார்கள். நகரம் கொடுக்கவில்லை. வீடு விற்பனையைப் பதிய முடியாமல் நின்றது, தண்ணீர் பில் போடவில்லை, மீண்டு வர ஆன செலவும் இழப்பும் 1.8 கோடி டாலருக்கு மேல் என்று நகரமே கணக்குச் சொன்னது. 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தில், பொதுத் துறை எனப்படும் துறையின் சில கணினிகளிலேயே இப்படிப் பூட்டுப் போட்டு 1,950 டாலர் கேட்ட செய்தி வந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கி, சுமார் இரண்டு வாரம் நோயாளி பதிவைக் கையால் எழுதினார்கள். கையால் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தது ஒரு பாக்கியம். நம் அலுவலகங்களில் வரிக் கேட்புப் பதிவேட்டைக் கையால் எழுதத் தெரிந்த கடைசித் தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் பழசு எல்லாமே எதிரி என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் அபு என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை மூவாயிரம்தான், நம் பக்கத்து ஊராட்சி அளவு. 2022 ஏப்ரலில் 463 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் யென் கொரோனா உதவி கொடுக்க வேண்டியிருந்தது. பெயர்ப் பட்டியலை ஃபிளாப்பியில் போட்டு வங்கிக்குக் கொடுத்தார்கள். மொத்தம் 4 கோடியே 63 லட்சம் யென்னும் ஒரே ஆளின் கணக்குக்குப் போய்விட்டது. அவர் செலவழிக்கவும் தொடங்கிவிட்டார். உலகம் முழுக்க ஃபிளாப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். உண்மையில் ஃபிளாப்பியில் இருந்த பட்டியல் சரியாகவே இருந்தது. அதற்கு மேல் தேவையில்லாமல் ஒரு காகிதப் படிவமும் வங்கிக்குப் போனது. பட்டியலில் முதலில் இருந்த ஒருவர் பெயரும் முழுத் தொகையும் அதில் அச்சாகியிருந்தன. ஒரே வேலைக்கு இரண்டு வழி இருந்தது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஜப்பான் 2024-இல் ஃபிளாப்பி கேட்கிற விதிகளை ஆயிரத்துக்கு மேல் நீக்கிவிட்டது, நல்லதுதான். ஆனால் அபுவின் தவறை யூ.எஸ்.பி.யிலும் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம்.

அதனால் எந்தக் கணினி வாங்குவது என்பதைவிட எப்படி மாற்றுவது என்பதில் எனக்கு அதிக அக்கறை. நான் பார்த்ததில் ஒழுங்காக நடந்த மென்பொருள் மாற்றம் ஒன்றே ஒன்று. அங்கே இருந்த ஆணையர் இரண்டு அரையாண்டு பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓடவிட்டார். ஒவ்வொரு மாதமும் கேட்பு, வசூல், நிலுவை மூன்றையும் இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டோம். வேலை இரட்டிப்பு, எல்லாரும் முணுமுணுத்தோம். புதிய வரிவிதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணுக்கென்று ஒரு கட்டம் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். மென்பொருள்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு செய்தார். ஓய்வு பெறவிருந்த பில் கலெக்டர்கள் இருவரை மூன்று மாதம் உட்கார வைத்து அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கினோம். எந்தத் தெருவில் ஒரே எண்ணில் மூன்று வீடு, எந்த வீட்டுக்கு எப்போது விலக்கு, எல்லாம். கடைசியில் வார்டு வாரியாகப் பட்டியலை அச்சிட்டு ஒட்டினோம். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், அதுவரை யாருக்கும் நோட்டீஸ் போகாது என்று தண்டோரா போட்டோம். நானூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்னது சரியாக இருந்தது.

பழைய கணினிகளை அப்புறப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். டெட் ஸ்டாக் பதிவேட்டில் கண்டெம் என்று எழுதி எடைக்குப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்கில் ஊர் மக்களின் பெயரும் முகவரியும் இருக்கும். அதை எடுத்து அழித்த பிறகுதான் பெட்டி வெளியே போக வேண்டும், அதுவும் மின்கழிவை முறையாகப் பிரிக்கிற இடத்துக்கு.

நீங்கள் கேட்கலாம், இது நகராட்சி விஷயம், நமக்கென்ன என்று. ஊராட்சி வீட்டு வரியும் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைக்குப் பள்ளியில் சேர்வதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் ஆகிவிட்டது. அந்தப் பதிவு ஒரு கணினியில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு முப்பது வயது ஆகும்போது அந்தக் கணினி இருக்காது. அதற்குள் ஐந்தாறு முறை மாற்றியிருப்பார்கள்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வரி ரசீதைக் கையில் கொண்டுவந்து, ஊராட்சிக் கணக்கில் அதே தொகை இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கின் நகல் வேறு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் கணக்கைச் சரிசெய்ய ஐந்து மாதம் பிடித்தது. நிலுவை இல்லை என்று கையெழுத்திட்ட தாளை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் நகரவில்லை. மேசை ஓரத்தில் இருந்த ரசீதுக் கட்டைக் காட்டினார். "இனி இதுங்க வேண்டாங்கம்மா, சிஸ்டத்தில் ஏத்தியாச்சு" என்றேன். "இருக்கட்டும் சாமி, குடு" என்றார். ஒவ்வொன்றாக எண்ணி, தேதி வாரியாக அடுக்கி, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.